படத்தின் பின்பக்கம்



பேச வரும்போது குறிப்புத் தாள் ஒன்று கையில் இருக்கும். இன்று அதோடு ஒரு புகைப்படமும் இருக்கிறது. போஸ்ட் கார்டு அளவு, கறுப்பு வெள்ளை. இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். இப்போதே வெளியே எடுத்தால் எல்லோரும் அதைத்தான் பார்ப்பீர்கள், நான் பேசுவது காதில் விழாது. ஆகவே கடைசியில்.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சி இறந்து, பதினாறு கழிந்த மறுநாள் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மேலே இரண்டு பட்டுச்சேலை. அதன் கீழே ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் 43 படங்கள். மாமா, அம்மா, சித்தி எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 19 படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல முடிந்தது. மீதி 24? பட்டுக்கரை வேட்டியோடு ஒருவர், தலையில் தொப்பியோடு ஒரு குழந்தை, நாற்காலியில் இருவரும் பின்னால் மூவருமாக ஐந்து பெண்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறுமை. ஒன்றிரண்டில் மட்டும் ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை.

அந்தப் பெட்டி முப்பது வருஷம் ஆச்சியின் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்து நான் எத்தனையோ தடவை காப்பி குடித்திருக்கிறேன். ஒரு நாளாவது குனிந்து, "இதுக்குள்ள என்ன ஆச்சி இருக்கு?" என்று கேட்டதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அங்கே ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டு ஒன்றில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெண்கள். அவர்களின் முகம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது, பெயர் தெரியும். எங்கள் பிஸ்கட் டின்னில் இருப்பவர்கள் எழுபது எண்பது வருஷத்துக்கு முன் இருந்தவர்கள், என் சொந்த ரத்தம். மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிச் சொல்லலாம், பெயர்தான் தெரியவில்லை. கல்தச்சன் செய்த வேலையை நாங்கள் ஒரு பென்சிலால் செய்யவில்லை.

நம் வீடுகளில் படம் என்றால் அது இறந்தவர்களுக்கு உரியது. உயிரோடு இருக்கும் பெரியவர் ஒருவரின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டமிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். என் பெரியம்மாவுக்கு நான் அப்படிக் கொடுத்தபோது அவள் முதலில் சொன்னது, "ஏல, இப்பவே என்னைய சுவத்துல மாட்டுததுக்கு ஏற்பாடா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சட்டத்தை வாங்கிச் சுவரில் சாய்த்து வைக்காமல் பீரோவுக்குள் வைத்தாள். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்ற பயம் அவள் அம்மா காலத்தில் இருந்தது. மகள் காலத்தில் அது, படத்தை மாட்டினால் ஆயுள் குறையும் என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கூச்சத்தால் என்ன நடக்கிறது? ஒருவர் இறந்த அன்றுதான் படத்தைத் தேடுகிறோம். உங்களில் பலருக்கு இது பழக்கமாகியிருக்கும். ராத்திரி பதினொன்றரை மணி, ஃபிளெக்ஸ் கடை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் விடிவதற்குள் வேண்டும். மச்சான் ஒருவர் செல்போனைத் தேய்த்துத் தேய்த்து ஒரு கல்யாணப் படத்தைக் கண்டுபிடிக்கிறார். அதில் பத்துப் பேருக்கு நடுவில் தாத்தா நிற்கிறார். கடைப் பையன் தாத்தாவை மட்டும் வெட்டி எடுக்கிறான். பின்னால் நீல வானம் வைக்கிறான். மறுநாள் தெருமுனையில் போஸ்டரைப் பார்த்தால் தாத்தாவின் தோளில் ஒரு கை இருக்கிறது. வளையல் போட்ட கை. உடம்பில்லாத கை. அது யாருடைய கை என்று தெரு முழுக்கப் பேச்சு. இல்லாவிட்டால் ஆதார் அட்டை. வெயிலில் வரிசையில் நின்று, கண்ணாடியைக் கழற்றச் சொன்ன எரிச்சலோடு மனிதர் முறைத்துக்கொண்டிருப்பார். எண்பது வருஷம் வாழ்ந்தவருக்கு மாலை போட்டு விளக்கேற்றுவது அந்த முறைப்புக்கு.

முன்பு இதைவிட விசித்திரமாகவும் நடந்தது. உயிரோடு இருக்கும்போது படமே பிடிக்காதவர் இறந்துவிட்டால், ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, குடும்பம் முழுவதும் சுற்றி நின்று ஒரு படம். எங்கள் டின்னிலும் அப்படி ஒன்று உண்டு. சின்ன வயதில் அதைப் பார்த்து, நடுவில் இருப்பவர் தூங்குகிறார் என்று நினைத்தேன். அந்தக் குடும்பத்தில் பலருக்கும் ஒரே படம் அதுதான். கூட நின்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புகைப்படம் நம் பக்கம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட வித்தை அடுத்த இருபது வருஷத்துக்குள் சென்னை மாகாணத்தில் கால் ஊன்றிவிட்டது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்தார். அவர் பிடித்ததெல்லாம் கோபுரம், மண்டபம், குளம். பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை மட்டும் துண்டு துண்டாகப் பிடித்து 21 பிரிண்ட்களை ஒட்டி நீளமாக ஒரே படமாக்கினார். மனிதர்கள் அவருக்கு முக்கியமில்லை. நம் மனிதர்களைப் பிடித்தது பிறகு ஊருக்கு ஊர் முளைத்த ஸ்டுடியோக்கள்தான். அந்த ஸ்டுடியோப் படங்களை வேண்டாத காகிதமாக நினைத்து எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஊர் ஊராகப் போய் அவற்றை ஸ்கேன் செய்து சேர்த்தார்கள். நமக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ என்பது ஒரு சின்ன நாடகக் கொட்டகை. பின்னால் தூணும் தோட்டமும் மாடிப்படியும் எழுதிய திரை. வேலைப்பாடு நாற்காலி, முக்காலி, அதன்மேல் பூச்சாடி. புத்தகம், ரேடியோ, பிற்காலத்தில் டெலிபோன். எதுவும் நம்முடையது இல்லை, எல்லாம் ஸ்டுடியோச் சொத்து. பெண்கள் இரண்டு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்திருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? வளையலும் மோதிரமும் விழ வேண்டும் என்பதற்காக. உட்காருவதற்கும் நிற்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. யார் நாற்காலியில், யார் பின்னால், யார் தரையில் என்று பார்த்தாலே அந்த வீட்டின் அதிகார வரிசை தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர், இப்போது இல்லை, டார்க் ரூமில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "பிரிண்ட் போடறது பெரிசில்ல தம்பி, கழுவறதுதான் பெரிசு." ஹைப்போ கரைசல் போகும்வரை ஓடும் தண்ணீரில் காகிதத்தை அலச வேண்டும். அவசரப்பட்டால் பத்துப் பதினைந்து வருஷத்தில் படம் பழுப்பேறி மங்கிவிடும். பொறுமையாகக் கழுவியவர் போட்ட படம் பேரன் காலத்திலும் பளிச்சென்று நிற்கும். எங்கள் டின்னில் 1940களின் படம் ஒன்று நேற்றுப் போட்டதுபோல இருக்கிறது. ஓரத்தில் மட்டும் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி பூத்ததுபோல ஒரு மினுக்கு. படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து படிவது அது. அதே சமயம் 1984இல் நடந்த என் சித்தியின் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளை, பெண், பந்தல், வாழைமரம் எல்லாம் செம்மண்ணில் முக்கி எடுத்ததுபோல இருக்கின்றன. கலர் பிரிண்டில் இருப்பது வெள்ளி இல்லை, சாயம். அந்தக் காலத்துக் காகிதங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும், சிவப்பு மிஞ்சும். ஆல்பத்தைப் பூட்டி இருட்டில் வைத்திருந்தாலும் போகும். "பத்திரமாத்தான வச்சிருந்தேன்" என்று சித்திக்கு ஆறவே இல்லை.

நம் ஊட்டியிலேயே காகிதமும் ஃபிலிமும் செய்தார்கள் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960இல் தொடங்கிய அரசு நிறுவனம், 'இந்து' என்று பெயர் போட்டு விற்றது. இப்போது அது மூடிக் கிடக்கிறது.

சரி, செல்போனுக்கு வருவோம். முன்வரிசையில் ஒரு தம்பி என்னையே படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிடியுங்கள். ஆனால் அதைப் பிறகு எப்போது பார்ப்பீர்கள்? ஒரு 120 ஃபிலிம் ரோலில், ஆக்ஃபா கிளிக் கேமராவில், 12 படம்தான். பன்னிரண்டையும் கழுவிப் பிரிண்ட் போட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினோம். இன்று என் போனில் ஒன்பதாயிரம் படம் இருக்கிறது. அதில் பெரியம்மாவைத் தேட வேண்டுமென்றால் இட்லி, ரசீது, குட் மார்னிங் எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். போன் தண்ணீரில் விழுந்தால் அதுவும் இல்லை. இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் 2015இல், உங்களுக்கு முக்கியமான படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். கணினியை அறிந்தவரே அப்படிச் சொல்கிறார்.

ஆனால் நான் பிரிண்ட் போடச் சொல்வது அழியாமல் இருப்பதற்காக மட்டும் இல்லை. ஆச்சி போன பிறகு, அடையாளம் தெரியாத அந்த 24 படங்களையும் என் போனில் ஏற்றிக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். அவளுக்கு அப்போது 86 வயது. போனைக் கையில் கொடுத்தேன். அவள் விரல் பட்டதும் படம் நகர்ந்து வேறு படம் வந்தது. திருத்திக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் திரை அணைந்துவிட்டது. மறுபடி எழுப்பினேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவளுக்குத் தெரிந்தது அவள் முகம்தான். "என்னத்தையோ காட்டுத, ஒண்ணும் வெளங்கல" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டாள். ஞாபகம் போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன்.

அடுத்த தடவை போகும்போது அத்தனையையும் ஏ4 அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். மடியில் வைத்தேன், வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவள் முதல் தாளைக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டாள். மூன்று நிமிஷம் இருக்கும். பிறகு, "இது எங்க சின்ன அத்தைல்லா" என்றாள். அப்புறம் நிற்கவே இல்லை. "இந்தச் சங்கிலி அவளுக்குள்ளது இல்ல. பக்கத்து வீட்டு ஆச்சிட்ட இரவல் வாங்கிப் போட்டது. படம் பிடிச்சு முடிஞ்ச ஒடனே களத்திக் குடுத்தாச்சு. இவ ஏன் கழுத்தத் தூக்கிட்டு நிக்கான்னு நெனைக்க? இரவல் சங்கிலி தெரியணுமாம்!" சொல்லிவிட்டுச் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷமாகியிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் 24இல் 15 படங்களுக்குப் பெயர் கிடைத்தது. அதோடு ஒரு கடன், ஒரு கோபித்துக்கொண்டு போன தம்பி, மாஞ்சோலைத் தோட்டத்துக்குக் கணக்குப்பிள்ளையாகப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய ஒரு சித்தப்பா, எல்லாம் கிடைத்தன.

அவள் சொல்லச் சொல்ல நான் பிரிண்டின் பின்பக்கம் எழுதினேன். "சின்ன அத்தை. சங்கிலி இரவல்." இதைப் பழைய அசலின் பின்னாலும் எழுதலாம். மெத்தென்ற பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில். பால்பாயிண்ட் வேண்டாம், அதன் தடம் முன்பக்கம் முகத்தில் தெரியும். கலர் பிரிண்ட் காகிதத்தில் பென்சில் ஓடாது. அதற்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே உறையில் போடுங்கள்.

பழைய படத்தைப் பிரிண்ட் போடக் கொடுக்கும்போது நடக்கும் விபத்துகள் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இரண்டைச் செய்தேன். சட்டத்துக்குள் இருக்கும் பழைய படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காகிதத்தின் மேல்பூச்சு நெகிழ்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்க்காதீர்கள். நான் பிய்த்தேன், தாத்தாவின் நெற்றியும் ஒரு கண்ணும் கண்ணாடியோடு போய்விட்டன. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம், நல்ல வெளிச்சத்தில் கேமராவால் பிடிக்கலாம். குங்குமப் பொட்டைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஸ்கேன் செய்தால் 600 டிபிஐக்குக் குறையாமல் கேளுங்கள். அசலைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். லேமினேஷன் போட்டுத்தருகிறேன் என்பார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. நகலுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அசலுக்கு வேண்டாம். பசைத் தாள் ஆல்பம் வேண்டாம். பீரோவின் அடித்தட்டும் வேண்டாம், கறையானும் இராமபாணமும் அங்கேதான் முதலில் வரும்.

வெள்ளம் வந்தால்? 2015 டிசம்பரில் சென்னையில் ஆல்பங்களை மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டவர்கள் பலர். காய்ந்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று செங்கல்லாகிவிட்டன. நனைந்த படத்தை ஈரமாக இருக்கும்போதே மெதுவாகப் பிரித்து, சுத்தமான தண்ணீரில் அலசி, முகம் மேலே தெரிய நிழலில் போட வேண்டும். அப்படியும் எல்லாம் பிழைக்காது. 2004இல் கடல் வந்தபோது நாகப்பட்டினக் கரையில் வீட்டோடு படமும் போனது. 1995இல் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள் ஆல்பத்தையா தூக்குவார்கள்? லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் உறவுக்கு முன்பே தபாலில் அனுப்பிய பிரதிதான் மிஞ்சியது என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. ஆகவே ஒரு படத்தை நாலு பிரிண்ட் போட்டு நாலு வீட்டுக்குக் கொடுங்கள். பேசாமல் இருக்கிற பங்காளி வீட்டுக்கும் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போனில் இப்போது பழைய படத்தைத் தெளிவாக்கிக் கலர் போட்டுத் தரும் செயலிகள் வந்திருக்கின்றன. என் அக்கா மகன் ஆசையாக எங்கள் பூட்டியின் படத்தை அதில் போட்டு அனுப்பினான். தோல் பளபளவென்று, கண் மின்ன, நல்லாத்தான் இருந்தது. காதைப் பார்த்தேன். பூட்டி பாம்படம் போட்டவள். காதுமடல் தோள் வரைக்கும் தொங்கும், அதுதான் அவளுக்குக் கௌரவம், அவள் கொண்டுவந்த பொன்னும் அதுதான். செயலி அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு காதை மூடி, ஒரு சின்னக் கம்மலை மாட்டிவிட்டிருந்தது. நெற்றியில் பச்சை குத்தியிருந்ததைக் கறை என்று துடைத்திருந்தது. அது எங்கள் பூட்டி இல்லை. ஏதோ ஒரு விளம்பரத்துப் பாட்டி.

ஸ்டுடியோவில் பிரஷ்ஷால் படத்தைத் திருத்திய பழைய டச்சிங்காரரும் பொய்தானே செய்தார் என்று கேட்பீர்கள். செய்தார். இருபத்தைந்து வயதில் செத்துப்போன மனைவியையும் எண்பது வயதில் செத்துப்போன கணவனையும் வெவ்வேறு படத்திலிருந்து எடுத்து ஒரே சட்டத்துக்குள் ஜோடி சேர்த்தார். பார்த்தால் தாத்தாவும் பேத்தியும் போல இருக்கும். கலர் தீட்டினார், இல்லாத நகை வரைந்தார். ஆனால் பிரஷ்ஷை எடுக்குமுன் கேட்டார்: "அம்மாவுக்கு மூக்குத்தி வலமா, ரெண்டு பக்கமுமா? சேலை என்ன கலர்?" வீட்டுக்காரர்கள் யோசித்து, சண்டை போட்டு, ஒரு பதில் சொன்னார்கள். அந்தப் பொய்யில் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. செயலி யாரையும் கேட்பதில்லை.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சைகை காட்டுகிறார். இந்த உறையைத் திறந்துவிடுகிறேன்.

நான் முதலில் சொன்ன ஐந்து பெண்கள் படம் இது. உட்கார்ந்திருப்பவர்கள் என் ஆச்சியும் அவள் அக்காளும். நிற்பவர்களில் இடதுபக்கம் சங்கிலி இரவல் வாங்கிய சின்ன அத்தை. நடுவில் இருப்பது ஒரு மைனி. வலது ஓரத்தில் கையில் புத்தகத்தோடு ஒருத்தி நிற்கிறாள், பதினேழு பதினெட்டு வயது இருக்கும். பெரியம்மா இவளை வெகுநேரம் பார்த்தாள். "இவ நம்ம வீட்டுக்காரி இல்ல. நல்லாப் பாடுவா. பேரு நாக்கு நுனில நிக்கி, வர மாட்டேங்கு. நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள். மறுநாள் எனக்கு ஊருக்குப் போகும் வேலை இருந்தது. அடுத்த முறை நான் போனபோது பெரியம்மா என்னையே யாரென்று கேட்டாள்.

பின்பக்கம் நான் எழுதியிருப்பது "நல்லாப் பாடுவா" என்பது மட்டும். கையிலுள்ள புத்தகம் ஸ்டுடியோக்காரர் கொடுத்ததா, அவளுடையதா, தெரியாது. அசலின் பின்னால் உள்ள முத்திரையில் திருநெல்வேலி ஜங்ஷன் என்று இருக்கிறது, வருஷம் இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள், எழுபது தாண்டியவர்களும் இருக்கிறீர்கள். இது பிரிண்ட்தான், அசல் வீட்டில் இருக்கிறது, தைரியமாகத் தொடலாம். முன்வரிசையிலிருந்து கொடுக்கிறேன், கடைசி வரிசை வரைக்கும் போகட்டும். கூட ஒரு பென்சிலும் வருகிறது. டீ வந்துவிட்டதாம். பார்த்துவிட்டுக் குடியுங்கள்.